லோரோங் செர்மாய்க்கு அஞ்சு மார்க்

லோரோங் செர்மாய்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.
8 மே 2025

அன்பு மகள் கிறிஸ்டலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்காலும் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் பேப்பரில் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறார் என்று யோசிப்பாய். காரணம் நீதான். வீடியோவில் கூப்பிட்டால் சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன்னாலேயே "அப்பா, எழுந்து கொஞ்சம் நடந்து காட்டுங்க" என்கிறாய். பெண் பார்க்கப் போனபோது நான்கூட உன் அம்மாவை அப்படி நடக்கச் சொன்னதில்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. உட்கார்ந்தபடியே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

உன் அண்ணன் கெல்வின் ஞாயிற்றுக்கிழமை கெப்பாலா பத்தாஸ் வீட்டிலிருந்து வந்திருந்தான். போன மாதம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் அல்லவா, அதற்காகச் சுவரில் ஒரு கம்பி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல கம்பி. துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது. போகும்போது சொன்னான்: "அப்பா, ஜூலையோட வாடகை ஒப்பந்தம் முடியுது. அதுக்குள்ள காலு சரியாகலேன்னா மறுபடி கையெழுத்துப் போட வேணாம். எங்களோட வந்திருங்க. கிறிஸ்டலும் அதான் சொல்றா."

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதைப் பார்க்க உன் அம்மா டோரதிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.

கெல்வின் வீடு நல்ல வீடு, இல்லை என்று யார் சொன்னது. கதவைத் திறந்தால் கேட், கேட்டைத் திறந்தால் ரோடு, ரோடு முடிந்தால் இன்னொரு ரோடு. ஒரு கோப்பி குடிக்கக் கார் வேண்டும். முப்பது வருஷம் பாயான் லெப்பாஸுக்கு ஃபேக்டரி பஸ் ஓட்டியவனுக்குக் கண் மங்கி லைசென்ஸும் போய்விட்டது. அவனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு நான் அந்த வீட்டில் ஃபிரிட்ஜுக்குத் துணையாக இருப்பேன். இங்கே கதவைத் திறந்தால் ரொஸ்னா டீக்கடையின் தே தாரேக் வாசனை. பக்கத்து மேசையில் பழைய பஸ்காரன் பிச்சைமுத்து, என்னைத் திட்டுவதற்கென்றே உட்கார்ந்திருப்பான்.

ஆகவே கால் சரியாகிவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போய் வருகிறேன். நீளமான கறுப்புக் குடை ஒன்று வாங்கியிருக்கிறேன். பினாங்கு மழை உனக்குத் தெரியும்.

படத்தைப் பார்த்துத் தெருவுக்கு மார்க் போடுகிற உன் ஆராய்ச்சிக்கு ஆள் போதவில்லை என்று கெல்வின் சொன்னான். அப்பாவைச் சேர்த்துக்கொள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன்தான். மார்க் வாங்கிப் பழக்கமில்லை, போடவா தெரியாது?

உன் அன்பு அப்பா,
லாரன்ஸ்


பிரிஸ்பேன்
10 மே 2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டு தரமும் சிரித்தேன். முழங்காலைப் பற்றி ஒரு வரி சிரிப்பு தவிர வேறொன்றும் இல்லை என்பதையும் கவனித்தேன். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னாரே, எடுத்தீர்களா?

உங்களைச் சேர்த்துவிட்டேன். நான் அனுப்பும் லிங்க்கைத் தட்டினால் ஜார்ஜ்டவுன் தெருப்படங்கள் ஒவ்வொன்றாக வரும். மேலே கேமரா வைத்த கார்கள் ஊர் சுற்றி எடுத்தவை, இன்டர்நெட்டில் யாரும் பார்க்கலாம். கீழே சில கேள்விகள். நடக்க இடம் இருக்கிறதா, நிழல் இருக்கிறதா, கடைகளுக்கு முன்னால் நடக்கிற அஞ்சடியில் சாமான் அடைத்திருக்கிறதா, வயதானவர் பயமில்லாமல் போகலாமா. கடைசியில் ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு மார்க். ஒரே படத்தைப் பலர் பார்ப்பார்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது இன்னொருவருக்குத் தெரியும், அதுதான் இதில் உள்ள சூட்சுமம். பிடித்த தெரு எது என்று கேட்கவில்லை அப்பா, நடக்க முடியுமா என்றுதான் கேட்கிறோம்.

சில படங்கள் பழசாகிவிட்டன. பினாங்கில் சிலர் ஹெல்மெட்டில் கேமரா மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய் இந்த மாதம் புதிதாக எடுத்துத் தருகிறார்கள். அவையும் சேரும்.

கெல்வின்மேல் கோபப்படாதீர்கள். அந்த வீட்டில் நீங்கள் தனியாக விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்? அதை நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடுவதில்லை.

அன்புடன்,
கிறிஸ்டல்


லோரோங் செர்மாய்
17 மே 2025

அன்பு மகளுக்கு,

உன் வேலையை மும்முரமாகத் தொடங்கிவிட்டோம். தொடங்கிவிட்டோம் என்று பன்மையில் எழுதுவதைக் கவனி. தனியாகப் பார்த்தால் கண் வலிக்கிறது என்று போனை ரொஸ்னா கடைக்குக் கொண்டுபோனேன். அதிலிருந்து மேசைக்கு மேசை நீதிமன்றம்தான்.

முதல் படமே நம் தெருக்கோடி ஆ செங் ஒர்க்‌ஷாப். அஞ்சடி முழுக்க மோட்டார். பிச்சைமுத்து எட்டிப் பார்த்து, "டேய் லாரன்ஸ், இதுல எலி நுழையணும்னாலும் பக்கவாட்டுலதான்டா நுழையணும். ஒண்ணு போடு" என்றான்.

"நல்லா இருக்குண்ணே நியாயம்" என்றாள் ரொஸ்னா. "சீனப் பெருநாளைக்கு அந்த மனுஷன் வீட்டுக்கு வீடு ஆரஞ்சுப் பெட்டி கொடுத்தாரு. நீங்க ரெண்டு பெட்டி வாங்கினீங்க. தின்னுட்டு ஒண்ணு போடுவீங்களா?"

"அப்ப நாலு போடு" என்றான் பிச்சைமுத்து. அதற்குள் தன் பேர் அடிபடுவதைக் கேட்டு ஆ செங்கே கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டார். ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு போடுவது மரியாதையா லா? அஞ்சு போட்டோம். ஆளுக்கொரு கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்தது ரொஸ்னா கடை. நடக்கிற வழியில் நாற்காலி, அடுப்பு, அண்டா. ரொஸ்னா கையில் கரண்டி இருந்தது. விவாதமில்லாமல் அஞ்சு.

பிறகு நம் வீட்டு வாசல். அம்மா வைத்த பண்டான் செடிகூடப் படத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதற்கு ஓட்டெடுப்பு நடத்தவில்லை. அஞ்சுக்கு மேலே பட்டன் இல்லையே என்றுதான் குறை.

ஆள் பற்றாக்குறை பற்றி இனிக் கவலைப்படாதே. கோயில் பாடகர் குழுவையும் சேர்த்துவிட்டேன். எல்லாரும் என்னைக் கேட்டுத்தான் போடுகிறார்கள். கட்டுப்பாடான கூட்டம், நீ பெருமைப்படலாம். கெல்வின் குடியிருக்கும் தாமானின் தெருக்களுக்கு மார்க் போட வழி உண்டா என்று பிச்சைமுத்து கேட்கிறான். அவன் கேட்பதாகவே வைத்துக்கொள்.

இன்னொன்று. புதுப் படமெல்லாம் எதற்கம்மா? பழையதே தெளிவாக இருக்கிறது. வெயிலில் அந்தப் பிள்ளைகளை ஏன் அலைய விடுகிறாய்.

ஸ்கேன் எடுக்கிற இடத்தில் கூட்டமாக இருக்கிறதாம்.

அப்பா


பிரிஸ்பேன்
24 மே 2025

அன்புள்ள அப்பா,

வாரக் கூட்டத்தில் என் பேராசிரியர் திரையில் ஒரு படம் காட்டினார். ஒரு குழு பார்த்த தெருவுக்கெல்லாம் அஞ்சு போட்டிருக்கிறது. "இவர்கள் மனிதர்கள்தானா, இல்லை யாராவது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி ஏமாற்றுகிறார்களா" என்று கேட்டார். எங்கள் அப்பா என்றேன். அறையே சிரித்தது. நானும்தான்.

ஆனால் ஒன்றை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நல்ல தெருவுக்குப் பரிசு கொடுக்க இந்த மார்க் இல்லை. எந்தத் தெரு குறைவாக வாங்குகிறதோ அதை முதலில் சீர்செய்யச் சொல்லி ஊரில் உள்ள பொறுப்பாளர்களிடம் கொடுக்கப் போகிறோம். உடைந்த தரை, வடிகால் மூடி, ஏறி இறங்கும் படி, எல்லாம் அதில் வரும். லோரோங் செர்மாய் அந்த வரிசையில் இடம்பெறவே இல்லை அப்பா. உங்கள் புண்ணியத்தில் அது ஜார்ஜ்டவுனிலேயே நடப்பதற்கு மிகச் சிறந்த தெரு.

ஜூன் பதினைந்து வரை மாற்றிப் போடலாம். ஒவ்வொருவரும் தனித்தனியாக, அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் போடட்டும். ஆ செங் அங்கிள் கோபிக்க மாட்டார். தெருவும் கோபிக்காது.

குளியலறைக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறீர்களா?

கிறிஸ்டல்


லோரோங் செர்மாய்
26 மே 2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வாசித்துக் காட்டினேன். ஆ செங் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அவர் கடைக்கு அவரே இரண்டு போட்டுக்கொண்டார். ரொஸ்னா கடைக்கு மூன்று. அது அவளே போட்டது, எங்களுக்குத் தைரியம் வரவில்லை. பாடகர் குழுவும் திருத்திக்கொண்டிருக்கிறது.

நம் வாசலை மட்டும் நான் மாற்றவில்லை. அஞ்சு அஞ்சாகவே இருக்கட்டும். நான் தினமும் நடக்கிற தெருவுக்கு நானே எப்படிக் குறைத்துப் போடுவது? இன்றைக்கு ஒன்று போட்டால் அடுத்த கடிதத்தில் என்ன எழுதுவாய் என்று எனக்குத் தெரியும். "அப்பா, நீங்களே ஒன்று போட்ட தெருவில் இந்தக் காலோடு எப்படி இருப்பீர்கள்?" பஸ் ஓட்டினவன் அம்மா நான். வளைவு வருமுன்னே தெரியும்.

ஜூலை வருகிறது. வீட்டுக்காரர் பேனாவோடு வருவார். அதுவரை மார்க்கைத் தொடச் சொல்லாதே.

மழை இன்னும் வரவில்லை. குடை தயாராக இருக்கிறது.

அப்பா


பிரிஸ்பேன்
8 ஜூன் 2025

அப்பா,

புதுப் படங்கள் வெள்ளிக்கிழமை வந்தன. லோரோங் செர்மாயை நான் வேறு யாருக்கும் கொடுக்காமல் நானே திறந்தேன்.

உச்சி வெயில். எல்லாருடைய நிழலும் காலடியில் சுருண்டு கிடக்கிறது. அதில் ஒருவர் நீளமான கறுப்புக் குடையை விரிக்காமல், தரையில் ஊன்றிக்கொண்டு நடக்கிறார். உடம்பின் பாரம் முழுக்க அதன்மேல் இருக்கிறது. எங்கள் புரோகிராம் முகங்களைத் தானாகவே மங்கலாக்கிவிடும், யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைத்துவிட்டோம். அந்தக் கோடு போட்ட சட்டையைக் கிறிஸ்மஸுக்கு நான் வாங்கி அனுப்பினேன். கால் இழுபடுவதை யார் மங்கலாக்குவது?

நம் வாசலில் வடிகால் மூடி இல்லை. அந்தப் பள்ளத்தின்மேல் ஒரு பலகை, பலகைமேல் கவிழ்த்த சிவப்பு வாளி.

ரொஸ்னா அக்காவுக்குப் போன் செய்தேன். பாவம், முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "ஈஸ்டர் முடிஞ்ச வாரம் எவனோ இரும்பு மூடியைக் கழட்டிட்டுப் போயிட்டான்மா. காலையில அண்ணன் தெரியாம கால வச்சிட்டாரு. நாங்கதான் தூக்கினோம். ஒன்கிட்ட சொன்னா கெப்பாலா பத்தாஸ்தான்னு சத்தியம் வாங்கிட்டாரு." அன்றிலிருந்து நீங்கள் பூசைக்குப் போகவே இல்லையாம். பாதர்தான் வீட்டுக்கு நற்கருணை கொண்டுவருகிறாராம். குளியலறை, எந்தத் தப்பும் செய்யாமல் எங்களிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்படி ஒரு கோபம். உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரிக் கடிதம் வந்திருக்கும். லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து அந்தப் படங்களையே வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். மோட்டார் நகர நகர எடுத்தவை என்பதால் சினிமா மாதிரி ஓடுகிறது. முதல் படத்தில் ரொஸ்னா அக்கா ஒரு கையில் கரண்டியோடு, மறு கையால் உங்கள் முழங்கையைப் பிடித்துப் பலகையைத் தாண்ட வைக்கிறார். அடுத்ததில் ஆ செங் அங்கிள் ஒரு மோட்டாரை ரோட்டுக்குத் தள்ளி வழிவிடுகிறார். அதற்கடுத்ததில் பிச்சைமுத்து அங்கிள் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நிற்கிறார். முகம் தெரியவில்லை. ஆனால் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிகிறது.

பிறகு கெல்வின் தாமானைத் தேடி எடுத்தேன். புத்தம்புது நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பம். எங்கள் கேள்விகளுக்கு முக்கால்வாசி முழு மார்க் வாங்கும். படம் படமாகத் தள்ளினேன், ஒரு ஆள் வரவில்லை. கடைசியில் ஒரு நாய் வந்தது. அதுவும் காருக்கு அடியில் படுத்திருந்தது.

தனியாக விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும் என்று உங்களிடம் கேட்டிருந்தேன். நீங்கள் விழுந்தது தெருவுக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

இரண்டு தெருவையும் கெல்வினுக்கு அனுப்பினேன். வெகு நேரம் கழித்துக் கூப்பிட்டு, "அப்ப நான் போட்ட கம்பி?" என்றான். ஜூலையில் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் அப்பா. அவனும் ஒத்துக்கொண்டான். ஆனால் புதன்கிழமை அவன் வருவான், சாக்குச் சொல்லாமல் அவனோடு போய் ஸ்கேன் எடுத்து எலும்பு டாக்டரைப் பாருங்கள். குடையை மழைக்கு விட்டுவிட்டுத் தடி வாங்குங்கள். நம் வாசலுக்கு உண்மையான மார்க்கைப் போடுங்கள். அது உங்களைத் தெருவிலிருந்து கிளப்ப இல்லை அப்பா, அந்தப் பள்ளத்தை மூட.

விழுந்ததை மறைத்தீர்கள் என்பதுகூடப் பெரிதில்லை. சொன்னால் மகள் வந்து பெட்டி கட்டிவிடுவாள் என்று ஒன்றரை மாதம் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். அதுதான் தாங்கவில்லை.

உங்கள் மகள்,
கிறிஸ்டல்


லோரோங் செர்மாய்
13 ஜூன் 2025

அன்பு மகள் கிறிஸ்டலுக்கு,

உன் கடிதத்தை இந்தத் தடவை கடையில் வாசிக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து நானே வாசித்தேன். ரொஸ்னா இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சத்தியத்தை உடைத்துவிட்ட பயம். நேற்று நானாகப் போய், "சர்க்கரை கம்மியா ஒரு தே தாரேக்" என்றேன். வேண்டுமென்றே சர்க்கரை அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தாள். சமாதானமாகிவிட்டோம்.

கெல்வின் புதன்கிழமை வந்தான். முதலில் வாசலில் குனிந்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். உள்ளே போய்க் குளியலறைக் கம்பியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு டாக்டர். முழங்காலுக்குள்ளே ஏதோ சவ்வு கிழிந்திருக்கிறதாம். ஆபரேஷன் இப்போது வேண்டாம், வாரம் இரண்டு தடவை பயிற்சி, ஆறு மாதம் பார்ப்போம் என்கிறார். பழைய கால் முழுசாகத் திரும்பாது என்றும் சொன்னார். உன்னிடம் இனிக் குறைத்துச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருப்பதால் அதையும் எழுதிவிட்டேன்.

தடி வாங்கியாகிவிட்டது. அடியில் நாலு கால் உள்ள தடி. "ஒன் ரெண்டு காலையும் சேத்தா ஆறு, பஸ்ஸுக்குச் சரியா இருக்கு" என்றான் பிச்சைமுத்து. பதினைந்து வருஷத்தில் அவன் சொன்ன முதல் நல்ல ஜோக் என்பதால் சிரித்து வைத்தேன்.

மார்க் விஷயம். போனை எடுத்து நம் வாசல் படத்தைத் திறந்தேன். கை போகவில்லை. பிச்சைமுத்துவை அழுத்தச் சொன்னேன். "ஒன் வீட்டு வாசலுக்கு நான் ஒண்ணு போட்டா டோரதி கனவுல வந்து என்னைக் கேப்பாடா" என்று நகர்ந்துவிட்டான். நானே போட்டேன். ஒன்று. கீழே குறிப்பு எழுத ஒரு பெட்டி இருந்தது. ரொம்ப நேரம் யோசித்து எழுதினேன்: "மூடி இல்லை. பலகை ஆடும். தனியாகத் தாண்ட வேண்டாம், பக்கத்துக் கடையில் கூப்பிட்டால் வருவார்கள்." உன் பேராசிரியருக்கு இது தேவைப்படுமோ என்னவோ. நடக்க வருகிறவனுக்குத் தேவைப்படும்.

வீட்டுக்காரரிடம் ஜூலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். மாதம் ஒரு சனி ஞாயிறு கெல்வின் வீட்டில் இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த நாயையும் பார்த்தது போலிருக்கும்.

உன்னைப் பார்த்துப் பயந்தேன் என்று எழுதியிருந்தாய். பயம்தான். நீ பிறந்ததிலிருந்தே. கையில் வாங்கியபோது கீழே போட்டுவிடுவேனோ என்று பயந்தேன். அது இப்போது திரும்பி நின்றிருக்கிறது, அவ்வளவுதான். நீ என்னைக் கீழே போட மாட்டாய் என்று இப்போது தெரிகிறது.

நாளை சனிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடு. நீ ஒன்றும் கேட்க வேண்டாம். போனைப் பிச்சைமுத்துவிடம் கொடுத்துவிட்டு நானே எழுந்து நடந்து காட்டுகிறேன், நம் வாசலிலிருந்து ரொஸ்னா கடை வரை. கொஞ்சம் நேரமாகும். வைத்துவிடாதே.

உன் அப்பா,
லாரன்ஸ்